பூக்கும் பொழுது



போடிநாயக்கனூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில், துளசி மாடத்துக்குப் பின்னால் ஒரு மூலை உண்டு. அங்கே ஒரு காலத்தில் ஒரு கிழங்கை நட்டு, அது பூக்கும் பூக்கும் என்று மூன்று ஆண்டுகள் காத்திருந்தேன். அது பூக்கவே இல்லை. ஏன் பூக்கவில்லை என்ற கேள்விதான் செடிகளின் பூக்கும் காலத்தைப் பற்றி என்னை முதன்முதலாக எண்ண வைத்தது. இன்றைய பேச்சையும் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தக் கிழங்கு பியோனி என்னும் செடியினுடையது. வடக்கே மலைநகரம் ஒன்றில் பணியாற்றிய நண்பர் ஒருவர், தம் வீட்டுத் தோட்டத்திலிருந்து அதை எடுத்து வந்து எனக்குக் கொடுத்தார். பியோனி, குளிர்நாட்டு மக்கள் பெரிதும் போற்றும் பூ. சீன நாட்டில் லோயாங் நகரத்தில் அதற்கென்று ஆண்டுதோறும் விழா எடுக்கிறார்கள். நம் நாட்டிலும் இமயமலைச் சரிவுகளில் வெண்ணிறப் பூப் பூக்கும் பியோனி இனம் ஒன்று தானாகவே வளர்கிறது.

பியோனியைத் தோட்டங்களில் மூன்று வகையாகப் பிரிப்பார்கள். கட்டைத் தண்டுடைய மரப்பியோனி வசந்தத்தில் முதலில் பூக்கும். குளிர்காலத்தில் மண்ணுக்கு மேலே இருந்த தடமே இல்லாமல் மடிந்து, வசந்தத்தில் மீண்டும் முளைக்கும் பூண்டுப் பியோனி அடுத்துப் பூக்கும். அதிலும் முந்திப் பூப்பவை, இடையில் பூப்பவை, பிந்திப் பூப்பவை என்று பல சாதிகள் உண்டு. இவ்விரண்டு வகைகளையும் இணைத்துப் பிறந்தது மூன்றாவது வகை. ஜப்பானியராகிய தோயிச்சி இத்தோ என்பவர் பலமுறை தோற்று, 1948-ஆம் ஆண்டில் அந்தக் கலப்பில் வெற்றி கண்டார். ஆயினும், அந்தச் செடிகள் பூப்பதற்கு முன்பே அவர் மறைந்துவிட்டார். இன்று அந்த வகைக்கு அவர் பெயரே வழங்குகிறது. ஒரு செடியின் பூ சில நாள்களே நிற்கும் என்றாலும், இவ்வகைகளை அறிந்து கலந்து நடுகிறவர் வீட்டில் பல வாரங்கள் தொடர்ந்து பூ இருக்கும்.

இத்தனை சிறப்புள்ள செடி எங்கள் கொல்லையில் என்ன செய்தது? இலை விட்டது, வாடியது, மறு ஆண்டு மேலும் மெலிந்து இலை விட்டது, மூன்றாம் ஆண்டில் அழுகிப் போயிற்று. அப்போது என் தாயார், “அந்தச் செடிக்கு நம் ஊர்ப் பஞ்சாங்கம் படிக்கத் தெரியவில்லை போலிருக்கிறதப்பா” என்றார். வேடிக்கையாகச் சொன்ன சொல்தான். ஆனால் தாவர நூல்களைப் படித்தபோது, அதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது என்பதை உணர்ந்தேன்.

பியோனியின் மொட்டு மண்ணுக்குள் உறங்கும். பல வாரங்கள் கடுங்குளிர் பட்டால் அன்றி அந்த உறக்கம் கலையாது. இது செடி தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. குளிர்நாட்டில் பனிக்காலத்துக்கு முன்னே இடையில் ஒரு வாரம் வெயில் காயும். அந்த வெயிலை வசந்தம் என்று நம்பி மொட்டு விரிந்தால், பின்வரும் பனியில் கருகிவிடும். ஆகவே, உரிய அளவு குளிர் வந்து போயிற்று என்று உறுதியான பிறகே அது கண் விழிக்கிறது. போடியில் மார்கழி மாதத்திலும் அத்தகைய குளிர் ஏது? எங்கள் வீட்டுப் பியோனி, வராத குளிருக்காகக் காத்திருந்தே மடிந்தது.

ஒவ்வொரு செடியும் ஏதோ ஓர் அடையாளத்தைப் பார்த்தே பூக்கிறது. ஒன்று குளிரைப் பார்க்கும். ஒன்று மழையைப் பார்க்கும். ஒன்று இரவின் நீளத்தைப் பார்க்கும். ஒன்று ஆண்டுகளைக் கணக்கிடும். போடியிலிருந்து ஏலமலை வரை ஒருமுறை ஏறிச் சென்றால், இவை எல்லாவற்றையும் கண்ணால் கண்டுவிடலாம். என்னோடு வாருங்கள்.

முதலில் வீட்டுத் தோட்டம். எங்கள் வாசலில் மல்லிகை, முல்லை, பிச்சி ஆகிய மூன்றும் இருக்கின்றன. மூன்றும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஆயினும் குணம் வேறு. இவற்றின் பூ புதிதாகத் துளிர்க்கும் கிளையில்தான் தோன்றும். ஆகவே, கவாத்து செய்யும் நாளே பூக்கும் நாளை முடிவு செய்கிறது. மல்லிகையைக் கார்த்திகையில், அதாவது நவம்பர் இறுதியில் வெட்டுவோம். பிச்சியை டிசம்பர் இறுதியிலும், முல்லையை ஜனவரி இறுதியிலும் வெட்டுவோம். மல்லிகை பங்குனி, சித்திரை மாதங்களில் கொட்டும். அது ஓயத் தொடங்கும்போது மற்ற இரண்டும் முறையை ஏற்றுக்கொள்ளும். ஒரே நாளில் மூன்றையும் வெட்டிவிடும் அவசரக்காரர் வீட்டில் இந்த வரிசை அமைவதில்லை.

அடுத்தது செவ்வந்தி. அதற்கு நாம் எவ்வளவு நீர் ஊற்றினாலும், எவ்வளவு உரம் இட்டாலும், இரவு நீளத் தொடங்கினால்தான் மொட்டுக் கட்டும். அமெரிக்க அறிஞர்களான கார்னர், அல்லார்டு ஆகிய இருவர், கோடைவயலில் பூக்க மறுத்த புகையிலைச் செடி ஒன்றை ஆராய்ந்து, பகலின் நீளம் பூப்பை ஆள்கிறது என்பதை 1920-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். செடி உண்மையில் அளப்பது இருளின் நீளத்தையே என்பது பின்னர் தெளிவாயிற்று. செவ்வந்தி பயிரிடுவோர் சிலர் இரவில் விளக்கெரித்து அதன் பூப்பைத் தள்ளிப்போடுவது இந்த அறிவைக் கொண்டே.

போடி ஏறத்தாழ 10 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஒரு மணி பத்து நிமிடம் அளவே. அந்தச் சிறு வேறுபாட்டை நாம் கவனிப்பதில்லை. கொல்லைச் செவ்வந்தி தவறாமல் கவனிக்கிறது!

ஊரை விட்டு மேற்கே நடந்தால் மாந்தோப்புகளும் இலவ மரங்களும் எதிர்ப்படும். மாமரத்துக்குப் பியோனியைப் போல் கடுங்குளிர் வேண்டா. முற்றிய கிளையும், மழை விலகிய வறண்ட மண்ணும், மார்கழி, தை மாதங்களின் குளிர்ந்த இரவுகளும் போதும். மழை நீண்டு, இரவு வெதுவெதுப்பாகவே இருந்துவிட்டால், பூவுக்குப் பதில் தளிர் விட்டு ஏமாற்றும். இலவ மரமோ இலையை எல்லாம் உதிர்த்துவிட்டுப் பூக்கும். அதன் பூ விரிவது இரவில். தேன் உண்ண வருபவை பெரும்பாலும் வௌவால்கள். இலை மறைக்காத கிளையில், இருளில் பறந்து வரும் விருந்தினருக்குப் பூவை அடைவது எளிதல்லவா? இலவு காத்த கிளியைப் பற்றி நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். இலவு காக்கும் வௌவாலைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

இப்போது மலையேறுவோம். போடி கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடையும்போது 1,300 மீட்டருக்கு மேல் வந்துவிடுவோம். ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகை குறையும். மழையும் மாறும். போடி மழைமறைவுப் பகுதி. அதன் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வருவது. மலைமுகட்டைத் தாண்டினால் ஆனி, ஆடி மாதங்களின் தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்கும். ஒரே நாளில் இரண்டு பஞ்சாங்கங்களைப் பார்க்கக்கூடிய இடம் அந்த முகடு.

குரங்கணி, கொட்டகுடிப் பக்கத்துச் சரிவுகளில் காப்பித் தோட்டங்கள் இருக்கின்றன. காப்பியின் மொட்டு மழைக்காலம் கழிந்த பின் கணுக்களில் உருவாகி, வறட்சியில் உறங்கும். மாசி, பங்குனியில் ஒரு நல்ல மழை பெய்ய வேண்டும். அதைப் பூமழை என்பார்கள். அம்மழை பெய்து எட்டு முதல் பத்து நாள்களுக்குள், அராபிகா காப்பித் தோட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் வெள்ளை வெளேரென்று பூக்கும். மணம் மல்லிகையை நினைவூட்டும். இரண்டு மூன்று நாள்களில் எல்லாம் முடிந்துவிடும். மழை போதாமல் தூறலோடு நின்றுவிட்டாலோ, மொட்டுகள் அரைகுறையாக விரிந்து கருகும். பூ மலர்ந்திருக்கும் நாளில் பெருமழை கொட்டினாலும் கேடுதான். அதனால் மாசி பிறந்தால் காப்பித் தோட்டக்காரர் வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். உரிய நாளில் பெய்யும் ஒரு மழை அவருடைய ஓராண்டு வருவாய்.

மெட்டுக்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் ஏலமலை விரிகிறது. ஏலச் செடிகளைப் பார்த்தவர்கள் பலர் ஏலப் பூவைப் பார்த்ததில்லை. ஏனெனில் அது தலைக்கு மேலே பூப்பதில்லை. அடித்தூரிலிருந்து சரம் புறப்பட்டு, அதில் வெண்ணிறப் பூக்கள் ஒவ்வொன்றாக மலரும். பூவின் உதட்டில் ஊதாக் கோடுகள் ஓடும். ஏலத்திலும் பழமையான வகைகள் மூன்று. மலபார் வகையில் சரம் தரையோடு படரும். மைசூர் வகையில் நிமிர்ந்து நிற்கும். வழுக்கை என்னும் வகையில் பாதி நிமிர்ந்து வளையும். முதல் இரண்டும் இயற்கையாகக் கலந்து பிறந்ததே வழுக்கை என்பர். ஜப்பானில் ஒரு மனிதர் வாழ்நாளைச் செலவிட்டுச் செய்த வேலையை ஒத்ததை இங்கே தேனீக்கள் யாரும் அறியாமல் செய்து முடித்திருக்கின்றன! இன்று தோட்டங்களில் பெரிதும் காணப்படுவது, இடுக்கி விவசாயி ஒருவர் தெரிந்தெடுத்துப் பரப்பிய ஞள்ளானி வகையாகும்.

ஏலத்தின் சரம் தை மாதத்தை ஒட்டியே தலைகாட்டத் தொடங்கும். பூப்பது வைகாசி முதல் ஆவணி வரை மிகுதி. மாதக்கணக்கில் பூத்தாலும் ஒரு பூவின் வாழ்வு ஒரே நாள்தான். விடியற்காலையில் விரியும், முற்பகலில் தேனீ வரும், மாலைக்குள் வாடும். தன் மகரந்தம் தன் சூல்முடியில் தானாகப் படாதபடி அமைந்த பூ அது. தேனீ வந்தால் காய், வராவிட்டால் சருகு. ஆகவே, ஏலத்துக்குப் பூக்கும் மாதம் தெரிந்தால் மட்டும் போதாது. பூக்கும் மணியும் தெரிய வேண்டும்.

இதை நான் நூலில் படித்துக் கற்கவில்லை. தவறு செய்து கற்றேன். கல்லூரிப் படிப்பை முடித்து ஊர் திரும்பிய ஆண்டு அது. மெட்டுக்கு அப்பால் எங்களுக்குச் சிறிய ஏலத் தோட்டம் ஒன்று இருந்தது. தந்தையார் வெளியூர் சென்றிருந்த ஆடி மாதத்தில், சரங்களில் பேன் தொல்லை மிகுந்தது. மருந்து அடிக்கச் சொன்னேன். காலை எட்டு மணி. தோட்டத்தில் நெடுங்காலமாக வேலை செய்துவந்த ஓர் அம்மாள், “தம்பி, இது ஈ வருகிற நேரம். பொழுது சாயட்டுமே” என்றார். மாலையில் மழை பிடித்துக்கொள்ளும், மருந்து வீணாகும் என்று எனக்குத் தோன்றியது. படித்தவன் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. காலையிலேயே அடித்து முடித்தோம்.

மறுநாள் தோட்டத்தில் ஏதோ குறைவதாகத் தோன்றியது. சற்று நேரம் கழித்தே என்னவென்று விளங்கிற்று. தேனீக்களின் ரீங்காரம் இல்லை. பூக்கள் வழக்கம்போல் விரிந்திருந்தன. அவற்றை நாடி வர யாரும் இல்லை. கூடுகளிலிருந்து புதிய ஈக்கள் பழையபடி வருவதற்கு இரண்டு வாரங்களுக்கு மேல் ஆயிற்று. அதுவரை பூத்த பூக்கள் எல்லாம் அன்றன்றே உதிர்ந்தன.

ஏலப் பூ காயாகி முற்ற ஏறத்தாழ 120 நாள்கள் ஆகும். கார்த்திகையில் காய் எடுக்க ஆள் வந்தபோது, அந்தச் சுற்றில் கூடைகள் நிரம்பவில்லை. சரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால், காய்கள் வரிசையாகப் பிடித்துவந்து, ஓரிடத்தில் விட்டுப்போய், மீண்டும் தொடர்ந்திருந்தன. நான் செய்த தவறு அந்தச் சரத்தில் எழுதிவைத்ததுபோல் இருந்தது. தந்தையார் கடிந்துகொள்ளவில்லை. தம்முடைய கணக்குப் புத்தகத்தை என் முன் வைத்தார். வரவு செலவோடு, ஒவ்வோர் ஆண்டும் பூமழை பெய்த நாள், அதன் அளவு, முதல் ஏலப் பூ கண்ட நாள், ஈ மிகுந்த நாள், ஈ குறைந்த நாள் எல்லாம் அதில் குறிக்கப்பட்டிருந்தன. “மருந்து எது என்பதைக் கடைக்காரர் சொல்லுவார், நேரம் எது என்பதை நாம்தான் பார்த்து எழுதிவைக்க வேண்டும்” என்றார். அந்தப் புத்தகத்தை அன்று முதல் நான் தொடர்ந்து எழுதிவருகிறேன்.

ஏலத் தோட்டங்களுக்கும் மேலே, மரங்கள் குறைந்து புல் விரிந்த முகடுகளில், ஆண்டுகளையே கணக்கிடும் செடி இருக்கிறது. அதுதான் குறிஞ்சி. மூணாற்றை அடுத்த இரவிகுளத்திலும் கொடைக்கானல் மலையிலும் நீலக்குறிஞ்சி 2006-ஆம் ஆண்டிலும் 2018-ஆம் ஆண்டிலும் பூத்தது. பன்னிரண்டு ஆண்டுகள் இலையும் தண்டுமாக வளர்ந்து, ஒரே பருவத்தில் மலைமுழுதும் பூத்து, விதை சிந்தி, மடிந்துவிடும். எண்ணற்ற விதைகள் ஒரே நேரத்தில் விழுவதால், தின்பன தின்றது போக மிச்சம் முளைக்கும் என்று அறிஞர்கள் விளக்குவர். குறிஞ்சிக் குடும்பத்திலேயே ஆண்டுதோறும் பூப்பவையும், ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பவையும் இருக்கின்றன. நீலக்குறிஞ்சியும் எல்லா மலைகளிலும் ஒரே ஆண்டில் பூப்பதில்லை. 2022-இல் சாந்தன்பாறையை அடுத்த கள்ளிப்பாறை மலை நீலம் பூத்தபோது, இரவிகுளத்துச் செடிகள் நான்கு வயதுக் குழந்தைகளாக இருந்தன.

நம் முன்னோர் நிலங்களுக்குப் பூக்களின் பெயரை இட்டார்கள் என்பதை நீங்கள் இலக்கிய வகுப்பில் படித்திருப்பீர்கள். ஒவ்வொரு நிலத்துக்கும் பெரும்பொழுது, சிறுபொழுது என்று இரண்டு காலங்களையும் அவர்கள் வகுத்தார்கள். முல்லைக்குக் கார்காலமும் மாலையும். குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் யாமமும். பருவம் ஒன்று, நாளின் வேளை ஒன்று. எங்கள் தோட்டத்தில் ஆடி மாதம் எனக்குத் தெரிந்திருந்தது; காலை எட்டு மணியின் பொருள் தெரியவில்லை. பெரும்பொழுதை அறிந்து சிறுபொழுதை அறியாததால் வந்த இழப்பு அது.

இந்தப் பொழுதுகள் இப்போது நிலை தளர்ந்து வருகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். ஜப்பானின் கியோட்டோ நகரத்தில் செர்ரிப் பூ மலரும் நாளைப் பற்றிய குறிப்புகள் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய காலத்திலிருந்தே கிடைக்கின்றன. அந்த நெடிய வரலாற்றில் மிக முந்திப் பூத்த ஆண்டுகளில் ஒன்றாக 2021 அமைந்தது. அவ்வாண்டு மார்ச் 26-ஆம் நாளிலேயே பூ நிறைந்துவிட்டது. நம் பக்கத்திலும் 2024-ஆம் ஆண்டுக் கோடையில் இடுக்கியின் ஏலத் தோட்டங்கள் பல வெப்பத்தாலும் வறட்சியாலும் கருகின. என் குறிப்புப் புத்தகத்திலும் சித்திரைக் கொன்றை மாசியிலேயே பூத்த ஆண்டுகள் உண்டு. மழையைப் பார்த்துப் பூக்கும் செடி ஒரு பக்கம் நகர, வெப்பத்தைப் பார்த்துக் கிளம்பும் பூச்சி மறுபக்கம் நகர்ந்தால், இரண்டும் சந்திக்கும் நாள் தவறிவிடும். என் தோட்டத்தில் இரண்டு வாரம் நேர்ந்தது ஒரு மலைமுழுதும் நேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

கியோட்டோவைப் போல் நமக்கு நீண்ட பூப்புக் குறிப்புகள் இல்லை. அந்தக் குறையை மாணவர்களாகிய நீங்கள் தீர்க்கலாம். உங்கள் வீட்டிலும் பள்ளியிலும் ஐந்து செடிகளையோ மரங்களையோ தேர்ந்துகொள்ளுங்கள். ஒரு வேம்பு, ஒரு மா, ஒரு மல்லிகை எதுவாயினும் சரி. முதல் மொட்டுக் கண்ட நாள், முதல் பூ விரிந்த நாள், பூ நிறைந்த நாள், கடைசிப் பூ உதிர்ந்த நாள் ஆகிய நான்கையும் எழுதுங்கள். அந்த வாரம் மழை பெய்ததா, இரவு குளிர்ந்ததா என்பதையும் எழுதுங்கள். பூவை நாடி வந்தது எது, எந்த மணிக்கு வந்தது என்பதை மறவாதீர்கள். சீசன்வாட்ச் என்னும் திட்டத்தின் கீழ் நாடெங்கும் பள்ளி மாணவர்கள் மரங்களை இவ்வாறு கவனித்து எழுதிவருகிறார்கள்; நீங்களும் அதில் சேரலாம். ஓராண்டுக் குறிப்பு ஒரு செய்தி. பத்தாண்டுக் குறிப்பு ஓர் அறிவு.

நீலக்குறிஞ்சி இரவிகுளத்தில் அடுத்து 2030-ஆம் ஆண்டில் பூக்க வேண்டும். இன்று பள்ளியில் படிக்கும் உங்களில் பலர் அப்போது கல்லூரியில் இருப்பீர்கள். கல்லூரியில் படிப்போர் வேலைக்குச் சென்றிருப்பீர்கள். எங்கிருந்தாலும் மலைக்குச் சென்று அதைப் பாருங்கள். பார்க்கும்போது கையில் ஒரு குறிப்புப் புத்தகம் இருக்கட்டும். அதன் முதல் பக்கத்தில் உங்கள் வீட்டுக் கொல்லைச் செடி ஒன்றின் பெயர் இருக்கட்டும்.